போத்தலில் ஒட்டிய வெள்ளைக் கோடு

ஊரின் நாட்டு வைத்தியரான பரிசாரியார் சிரட்டையை வெயிலுக்குச் சரித்துப் பார்த்தார். மக்டலினின் புருஷன் வின்சன்ற் அன்று காலையில் பெய்த சலத்தில் ஒரு பிடி வெள்ளைச் சோறு ஊறிக் கிடந்தது. மஞ்சள் காமாலை என்றால் சோறு மஞ்சள் பூக்க வேண்டும். இந்தச் சோறு மஞ்சளாகவில்லை. கருப்பட்டிப் பாகில் போட்டெடுத்ததுபோலச் செம்பழுப்பாகக் கிடந்தது.

"இது என்ட கைக்குள்ள அடங்குற வருத்தமில்ல மகள்," என்றார். "கீழ்காய்நெல்லி அரைச்சுத் தந்து உன்னை நான் அனுப்பலாம். அது பொய் சொல்லி அனுப்பின மாதிரிப் போயிரும். டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. நாளைக்கு எண்டு இரிக்காத, இண்டைக்கே கொண்டு போ."

நாற்பது வருஷமாக ஒரு தலையிடியைக்கூட ஆஸ்பத்திரிக்கு விட்டுக்கொடுக்காத மனுஷன் அவர். சிரட்டையை வேலியோரம் கவிழ்த்துவிட்டு, கையை ஒருதரம் கழுவினார், திரும்பவும் கழுவினார். அந்த இரண்டாம் கழுவலைக் கண்டதும் மக்டலின் வெறும் போத்தலை எடுத்துக்கொண்டு எழும்பினாள்.

அது அறுபத்தொன்பதாம் ஆண்டு. ஹொங்கொங் காய்ச்சல் என்று பேப்பரில் பேர் போட்டிருந்த காய்ச்சல் அவர்களுடைய ஊரான தன்னாமுனைக்கும் வந்து, வீட்டுக்கு இரண்டு பாய் விரித்திருந்தது. மூன்று நாள் அனல், நாலாம் நாள் கஞ்சி, ஐந்தாம் நாள் வாவிக்கரை வரை ஒரு நடை. ஊருக்கெல்லாம் காய்ச்சல் வைத்த ஒழுங்கு அதுதான். வின்சன்ற் மட்டும் அந்த ஒழுங்கில் நிற்கவில்லை.

வின்சன்ற் மரம் அரிகிறவர். நிலத்தில் தோண்டிய கிடங்குக்கு மேலே குறுக்காகப் போட்ட மரத்தில் ஏறி நின்று, கரிநூல் போட்ட கோட்டைப் பார்த்து வாளை இழுக்கிறது அவருடைய பங்கு. கிடங்குக்குள்ளே நின்று, கண்ணிலும் வாயிலும் தூள் விழ விழ வாளின் மற்றப் பிடியை இழுக்கிறது ஏறாவூர் ஆதம்பாவாவின் பங்கு. இருபது வருஷமாக அந்த இரண்டு பேரும் ஒரே வாளில்தான். மேலே நிற்கிறவர் "ம், இழு" என்று குரல் கொடுக்காமல் கீழே நிற்கிறவர் ஒரு இழுவையும் இழுப்பதில்லை. இன்னொரு வழக்கமும் அரிகாரருக்கு உண்டு. கிடங்கில் ஏற்றிய மரத்தைப் பாதி அரிந்தபடி விட்டுவிட்டு வாளை உருவக் கூடாது. உருவினால் அந்த வாள் ஆள் கேட்கும் என்பது அவர்கள் பேச்சு.

காய்ச்சல் வந்து படுத்த நேரம் கிடங்கில் ஒரு முதிரை மரம் பாதியில் நின்றது. மூன்றாம் நாள், தொட்ட கை சுடுகிற அனலோடு வின்சன்ற் எழும்பிப் போனார். "படுங்க, அது எங்கயும் ஓடாது," என்று மக்டலின் கதவடியில் மறித்துப் பார்த்தாள். ஆதம்பாவாவும், "ரெண்டு நாள் கிடந்தா முதிரை என்ன முளைக்கவா போகுது?" என்று கேட்டார். ஆனால் வின்சன்ற் ஏறி நின்று "ம், இழு" என்றதும் ஆதம்பாவாவின் கை தானாக வாளைப் பிடித்துக்கொண்டது. முதிரை இரும்பு மாதிரி. பின்னேரம் மூன்று மணிக்கு மரம் இரண்டாகப் பிளந்து விழுந்தது. வின்சன்ற் இறங்கி நாலு அடி வைத்தார். ஐந்தாவது அடியில் கால் மடிந்து குந்தினார். அவரைத் தூக்கித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

அடுத்த நாள் காலையில் கெண்டைக்காலும் தொடையும் மரக்கட்டைபோல இறுகி வீங்கியிருந்தன. உளைவுக்கு நல்லது என்று ஆதம்பாவா எண்ணெய் போட்டு உருவிவிட்டார். உருவ உருவ வின்சன்ற் பல்லைக் கடித்தார். அதற்குப் பிறகு பெய்த சலம்தான் கருஞ்சாயமாக வந்தது. அதைத்தான் மக்டலின் ஒரு சிறு போத்தலில் பரிசாரியாரிடம் கொண்டு போனாள்.

திங்கட்கிழமை பின்னேரம் ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைத்தது. கட்டில்களுக்கு நடுவிலும் பாய் போட்டு நோயாளர் கிடந்த காலம் அது. டொக்டர் அழகரத்தினம் செவ்வாய் காலையில் வந்து, வின்சன்றின் தொடையை அமுக்கிப் பார்த்தார், சலத்தைப் பார்த்தார். பிறகு மக்டலினையும் ஆதம்பாவாவையும் சாளரத்தடிக்குக் கூப்பிட்டார்.

"காய்ச்சல் கிருமி இவர்ட தசையைக் கரைச்சிரிக்கு. அந்த நேரம் பார்த்து மரமும் அரிஞ்சிரிக்கார். கரைஞ்ச தசைதான் இந்தக் கறுப்பு. அது சலம் பிரிக்கிற குண்டிக்காய்க்குள்ள போய் அடைச்சுக்கொண்டு நிக்குது."

"ஈரத்தூள் வாள்பல்லில அப்பின மாதிரி," என்றார் ஆதம்பாவா.

"அப்பிடித்தான். நீங்க பல்லைத் துடைச்சுப் போட்டு அரிவீங்க. எனக்குத் துடைக்க இஞ்ச ஒண்டுமில்ல. தானாத் திறந்தாத்தான் உண்டு."

அவர் ஒரு வெறுஞ் சேலைன் போத்தலை எடுத்து, நடுவயிற்றில் வெள்ளைப் பிளாஸ்ரர் துண்டு ஒன்றைக் கோடாக ஒட்டினார். "இவர் பெய்யிற ஒவ்வொரு சொட்டும் இதுக்குள்ள வரவேணும். நாளைக் காலமைக்குள்ள கோட்டைத் தொட்டா, குண்டிக்காய் முழிக்குது எண்டு நினைக்கலாம். தொடல்ல எண்டா நாளை அந்தி மெயில் ரயிலில கொழும்புக்கு அனுப்புவன். வயித்துக்குள்ள மருந்துத் தண்ணி விட்டு நஞ்சை இழுத்தெடுக்கத் தெரிஞ்சவங்க அங்க இரிக்காங்க."

"ரெத்தம் சோதிச்சுப் பார்க்கேலாதா ஐயா?" என்று மக்டலின் கேட்டாள்.

"சோதிக்கிறவரும் இதே காய்ச்சலோட வீட்டில கிடக்கார் பிள்ளை. அவர் எழும்புமட்டும் எனக்கு இந்தப் போத்தல்தான் சாட்சி. மறுகா ஒண்டு சொல்றன், கவனமாக் கேளுங்க. தண்ணி நான் அளந்து தாறதுதான். இளநீர் ஒரு சொட்டும் கூடாது. குண்டிக்காய் படுத்துக் கிடக்கக்குள்ள இளநீர்ல இரிக்கிற உப்பு வெளியால போகாது. நெஞ்சைப் பிடிச்சு நிப்பாட்டிரும்."

"செவ்விளநீர் கூடவா?" என்றார் ஆதம்பாவா, நம்பாமல்.

"செவ்விளநீரும்தான்."

டொக்டர் சொன்ன அவ்வளவிலும் மக்டலினின் காதில் கொளுவி நின்றது கொழும்பு என்ற ஒரு சொல். அவளுக்குச் சிறில் என்று ஒரு தம்பி. கொழும்பில் ஒரு கடையில் நின்றான். ஐம்பத்தெட்டாம் ஆண்டு வைகாசியில் அவனிடமிருந்து வந்த கடிதத்தில் அடுத்த மாதம் வாறன் என்று எழுதியிருந்தான். அந்த மாதமே அங்கே தமிழரை அடித்த கலவரம் வெடித்தது. அடுத்த மாதம் பதினொரு வருஷமாகிவிட்டது. கொழும்பு மெயிலின் கூவல் வாவிக்கு மேலாகக் கேட்கிறபோதெல்லாம் அவள் சிலுவை போட்டுக்கொள்வாள். அந்த வண்டியில், நடக்க முடியாத புருஷனை ஏற்றிக்கொண்டு, சிங்களம் ஒரு சொல்லும் தெரியாமல் போய் இறங்குவதை நினைத்தவள் சாளரத்தடியில் நின்றே சிலுவை போட்டுக்கொண்டாள்.

புதன் காலை ஆறு மணிக்குக் கஞ்சிக் கோப்பையோடு வாட்டுக்குள் போனவள் முதலில் கட்டிலுக்குக் கீழேதான் குனிந்து பார்த்தாள். போத்தலின் அடியில் இரண்டு விரல் அளவுக்குக் கருஞ்சாயம். வெள்ளைக் கோடு அதற்கு நாலு விரல் மேலே இருந்தது. எட்டு மணிக்கு டொக்டர் வருவார். போத்தலைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு வெளி விறாந்தைக்கு வந்தாள். ஆதம்பாவா முதல் பஸ்ஸில் வந்து தூணடியில் குந்தியிருந்தார். அண்ணன் முறையாக அவள் அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"காக்கா, இவரைக் கொழும்புக்கு ஏத்தப் போறாங்க."

"எவ்வளவு குறையுது?"

"நாலு விரல்."

ஆதம்பாவா போத்தலை வாங்கி, மரத்துக்குக் கோடு பார்க்கிறதுபோல ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "நாலு விரல்தானே. இதுக்குப் போய் ஒரு ரயில் வேணுமா?" என்றார். பிறகு குரலை இறக்கினார். "இஞ்ச பாருகா தங்கச்சி. அவன் எருமைக்கிடா. ரெண்டு நாள் கூடக் கிடந்தா எழும்பிருவான். இவங்களுக்கு அந்த ரெண்டு நாள் பொறுக்கேலாது. நாம அந்த ரெண்டு நாளை எடுத்துக் குடுப்பம்."

"என்ன சொல்றீங்க?"

"இருவது வருசமா அவன் மேல நிண்டு தள்ளின தூளெல்லாம் என்ட வாய்க்குள்ளதானே விழுந்த. ஒரு நாளைக்கு என்ட தண்ணி அவன்ட கணக்கில விழட்டும்."

அத்தனை பயத்துக்குள்ளும் மக்டலினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேண்டாம் என்ற சொல் நாக்கு நுனியில் இருந்தது. சிரித்த வாயால் அதைச் சொல்ல முடியவில்லை. அவள் முகத்தை வாவிப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஆதம்பாவா கழிவறைப் பக்கம் போய் வந்தார். போத்தல் சூடாக இருந்தது. கோட்டுக்கு மேலே ஒரு விரல் நின்றது.

டொக்டர் அழகரத்தினம் அதைச் சாளர வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். மூன்று நாள் சவரம் செய்யாத முகத்தில் முதல்தரமாக ஒரு சிரிப்பு வந்தது. "கூடியிரிக்கு. நிறமும் வெளுத்திரிக்கு. முழிக்குது போல," என்றார். "கொழும்புப் பயணத்தை இப்ப நிப்பாட்டுவம். குடிக்கவும் கொஞ்சம் கூடக் குடுங்க."

அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். குடிக்க என்றால் என்ன என்பதை அவரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை.

"டொக்டரே குடிக்கக் குடு எண்டுட்டார்," என்றார் ஆதம்பாவா வெளியே வந்து. "இனிச் செவ்விளநீர்தான். நம்மட ஊர்ல சலம் பிடிச்சா வேற எதைக் குடுக்கிற? அது உள்ள போனா மெய்யாவே பெய்வான். பெஞ்சா நாளைக்கு என்ட தண்ணி தேவையில்ல."

மக்டலினுக்கு அது நியாயமாகப் பட்டது. செய்த பொய்யை மெய்யாக்கிவிட ஒரு வழி கிடைத்தால் யாருக்குத்தான் நியாயமாகப் படாது? டொக்டர் இளநீரைப் பற்றிச் செவ்வாய்க்கிழமை சொன்னது நினைவில் இருந்தது. அது சலம் பெய்யாத வருத்தக்காரனுக்குச் சொன்னது, இன்றைக்குச் சொன்னது வேறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆதம்பாவா ஏறாவூருக்குப் போய், மச்சானுடைய வளவில் இறக்கின ஐந்து செவ்விளநீரோடு மத்தியானம் திரும்பி வந்தார். அன்றைக்கு மூன்று குடித்தார் வின்சன்ற். நாவறட்சியில் அவர் குடித்த குடி, பார்க்கிறவருக்கு ஆசையாக இருந்தது.

பொழுதுபடுகிற நேரம் விக்கல் தொடங்கியது.

வியாழன் காலையில் வின்சன்றின் கண்ணிமைகள் ஊதி, கண் கீற்றாகியிருந்தது. விக்கல் நிற்கவில்லை. மூச்சில் ஒரு வாடை வந்தது. கட்டிலுக்குக் கீழே போத்தலில் ஒரு விரல் கூட இல்லை. மக்டலின் அதை எடுத்துக்கொண்டு விறாந்தைக்கு வந்து, ஆதம்பாவாவிடம் நீட்டினாள். அவர் அதை வாங்கிக்கொண்டு கழிவறைப் பக்கம் போனார். இந்தத் தரம் இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

டொக்டரும் சிரிக்கவில்லை. போத்தலைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே விரலை அழுத்தி எடுத்தார். விரல் பதிந்த குழி அப்படியே கிடந்தது.

"போத்தல் ஒண்டு சொல்லுது, ஆள் வேற ஒண்டு சொல்றார்," என்றார். மக்டலின் பக்கம் திரும்பினார். "பிள்ளை, இது இவர்ட சலந்தானா?"

"ஓம் ஐயா."

அவ்வளவு விரைவாக அந்தச் சொல் எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. டொக்டர் போத்தலைத் திரும்பவும் வெளிச்சத்துக்குத் தூக்கினார். வாட்டின் மறு முனையில் யாரோ ஒரு பிள்ளைக்கு வலிப்பு என்று கூப்பிட்டார்கள். அவர் போனார்.

பின்னேரம் இரண்டரைக்கு மக்டலின் நாலாவது செவ்விளநீரை வெட்டுவித்துக் கோப்பையில் வார்த்துக்கொண்டு வந்தாள். வின்சன்ற் கண்ணைத் திறந்தார். விக்கலுக்கு நடுவே ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"மக்டா... வாய் இரும்பு மாதிரி இரிக்கு."

"இதைக் குடிங்க, மாறும்."

"நான்... ரெண்டு நாளா... சொட்டுச் சொட்டாத்தான்... பெஞ்ச."

அவள் கோப்பையைப் பிடித்தபடி நின்றாள்.

"காலமை டொக்டர் தூக்கிப் பார்த்தாரே... அது ஆர்ட?" வின்சன்ற் விறாந்தைப் பக்கம் கண்ணைத் திருப்பினார். அங்கே தூணில் சாய்ந்திருந்த ஆதம்பாவாவின் தொப்பி தெரிந்தது. வீங்கிய முகத்தில் சிரிப்புப் போல ஒன்று நெளிந்தது. "கீழ நிக்கிறவனா இழுக்கிறான்? மேல ஆள் இல்லாம... தனிய இழுத்தா... கோடு கோணும் எண்டு... அவனுக்குத் தெரியாதா?"

மக்டலின் கோப்பையைக் கீழே வைத்தாள். வைத்தாளோ போட்டாளோ, இளநீர் சீமெந்துத் தரையில் ஓடியது. வாட்டைத் தாண்டி, மருந்து கட்டும் அறையைத் தாண்டி, டொக்டரின் குவாட்டர்ஸ் படிக்கட்டில் ஏறி நின்றபோதுதான் செருப்பில்லாமல் ஓடிவந்தது தெரிந்தது. டொக்டர் பாதிச் சாப்பாட்டில் இருந்தார்.

"ஐயா, அது அவர்ட இல்ல."

அவர் கை சோற்றில் நின்றது.

"ரெண்டு நாளும் இல்ல ஐயா. ஆதம்பாவாக் காக்காட. கொழும்புக்கு அனுப்பிருவீங்க எண்டு பயத்தில..."

அவர் ஏசுவார் என்று நினைத்துத்தான் வந்தாள். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் எழும்பிக் கையைக் கழுவினார். துடைத்துக்கொண்டே கேட்டார். "குடிக்க என்ன குடுத்த?"

"செவ்விளநீர்."

"எத்தினை?"

"நேத்து மூணு. நாலாவதைக் குடுக்கல்ல ஐயா. நிலத்தில ஊத்திட்டன்."

டொக்டர் பக்கத்துக் கதிரையில் இருந்துவிட்டார். "நான் பார்க்கிற நாப்பது பேரில உன்ட புருஷன் ஒருத்தர்," என்றார். "நாப்பதையும் நான் போத்தலாலயும் கையாலயும்தான் பார்க்கிறன். புதன்கிழமை அனுப்பியிருப்பன் பிள்ளை." பிறகு அவர் எழும்பினார். நெஞ்சைக் காப்பாற்ற என்று ஓர் ஊசியை எடுத்துக்கொண்டு வாட்டுக்கு ஓடினார். ஊசியைப் போட்டுவிட்டுக் கொழும்புக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினார். போத்தலைக் கழுவி, பழைய பிளாஸ்ரரை உரித்து, புதிதாக ஒரு கோடு ஒட்டி அவள் கையில் கொடுத்தார். "வழியில ஒரு சொட்டுப் போனாலும் இதுக்குள்ள பிடி. அங்க காட்டு. அவருடையதை மட்டும்."

ஆதம்பாவாவுக்கு விஷயத்தைச் சொன்னபோது அவர் தூணைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். மிச்சமிருந்த ஒரு செவ்விளநீரை எடுத்து விறாந்தைக்கு வெளியே எறிந்தார். அது உருண்டுபோய் ஓடை ஓரத்தில் நின்றது. "நான் ஏறாவூர் டேசன்ல நிக்கிறன்," என்றார். "எனக்கு இப்ப அவன்ட முகத்தைப் பார்க்கேலாது. ரயில் அங்க நிக்கக்குள்ள பார்க்கிறன்." அவர் பஸ்ஸுக்குப் போனார்.

அந்தி மெயில் புறப்பட்டபோது மேற்கே வாவி செம்பாகக் கிடந்தது. ஸ்ரெச்சரோடு கூட வந்த ஆஸ்பத்திரி ஆள் அருளப்பு, வின்சன்றை இரண்டு ஆசனத்துக்குக் குறுக்காக ஏற்றிக் கிடத்தியிருந்தார். எதிரே மக்டலின். மடியில் போத்தல். வண்டி ஆடுகிறபோது வெறும் போத்தலுக்குள் காற்று ஊதுகிற ஒலி கேட்டது. விக்கல் வந்தது, அடுத்ததும் வந்தது. அவள் ஒவ்வொன்றையும் எண்ணிக்கொண்டிருந்தாள். எதற்கு என்று தெரியாமலே எண்ணினாள்.

தன்னாமுனை வந்தது. வண்டி அங்கே நிற்பதில்லை. கோயில் கூரை, தென்னைகள், பிறகு அரிகிற கிடங்கு. கிடங்கோரத்தில் முதிரைப் பலகைகள் இரண்டு, ஊர்க்காரர் யாரும் தொடாமல், வெட்டுமுகம் மஞ்சளாகக் கிடந்தன. "நம்மட வளவு," என்று அவள் வின்சன்றின் காதடியில் சொன்னாள். அவர் தலையைத் திருப்ப முயன்றார். வலக்கை மட்டும் எழும்பி, ஒரு பிடியைப் பிடிக்கிறதுபோல மடங்கி, நெஞ்சில் விழுந்தது.

அதற்குப் பிறகு விக்கல் இல்லை.

ஒரு நாள் முழுக்கக் கேட்ட சத்தம் ஓய்ந்ததில் மக்டலினுக்கு முதலில் வந்தது ஆறுதல்தான். "நிண்டுட்டு," என்றாள் அருளப்புவிடம். "விக்கல் நிண்டுட்டு, அண்ணன்."

அருளப்பு குனிந்து வின்சன்றின் மணிக்கட்டைப் பிடித்தார். பிறகு கழுத்தைத் தொட்டார். பிறகு நெஞ்சில் காதை வைத்தார். அந்த மூன்று இடத்துக்கும் அவர் போய்வந்த நேரத்துக்குள் மக்டலினின் முகத்தில் இருந்த ஆறுதல் வடிந்துவிட்டது. அருளப்பு நிமிர்ந்து அவளைப் பார்க்காமல், சாளரத்துக்கு வெளியே பார்த்து, "ஏறாவூர்ல இறங்குவம் அம்மா," என்றார்.

மேடையில் ஆதம்பாவா பெட்டி பெட்டியாகப் பார்த்துக்கொண்டு ஓடி வந்தார். இந்தத் தரம் அவர் கையில் இளநீர் இருக்கவில்லை. அவளைக் கண்டதும் சாளரக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"தங்கச்சி, எப்பிடி இரிக்கான்? விக்கல் நிண்டுட்டா?"

"நிண்டுட்டு காக்கா."

"அல்ஹம்துலில்லாஹ்," என்று அவர் இரண்டு கையாலும் முகத்தைத் தடவினார். தடவின கை தாடியில் நிற்கும்போதே, அருளப்பு ஸ்ரெச்சரைக் கதவுப் பக்கம் இழுத்துவருவதைக் கண்டார். கொழும்புக்குப் போகிற ஆளை ஏறாவூரில் ஏன் இறக்குகிறார்கள் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

"ஒருக்காப் பிடிங்க," என்றார் அருளப்பு, தலைப்பக்கப் பிடியைத் தூக்கிக்கொண்டு.

ஆதம்பாவா கால்பக்கம் வந்து, கீழ்ப் பிடிகள் இரண்டையும் பிடித்தார். பிடித்தவர் தூக்கவில்லை. வண்டி கூவியது, அருளப்பு "தூக்குங்க, தூக்குங்க" என்று அவசரப்பட்டார். ஆதம்பாவா முதுகை வளைத்து, பிடியை இறுக்கி, மேலே இருக்கிற முகத்தைப் பார்த்தபடி நின்றார், அங்கிருந்து "ம், இழு" என்ற குரல் வருமட்டும்.